மணிக்கட்டு வலி: கார்பல் டனல்தானா?

தூங்காத_அம்மா:
குழந்தைக்கு நான்கு மாதம். வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் சுளீரென்று வலி. குழந்தையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கும்போது உயிர் போகிறது. புட்டி மூடியைக்கூடத் திருக முடியவில்லை. கணினியில் வேலை பார்த்தவள் என்பதால் கார்பல் டனல் என்று வீட்டில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அதுதானா?

பிசியோ_அக்கா:
கீபோர்டைத் தொட்டவர்களுக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள்! கார்பல் டனலில் வலியைவிட மரத்துப்போவதுதான் பெரிய அடையாளம். மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குவதால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரக்கும். சுண்டுவிரல் தப்பித்துவிடும். ராத்திரி விழித்துக் கையை உதறினால் கொஞ்சம் தேவலை என்றிருக்கும். உங்களுக்கு அப்படி உண்டா?

இல்லையென்றால், கட்டைவிரலை உள்ளங்கைக்குள் வைத்து மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். லேசான இழுப்பு எல்லோருக்கும் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்; கட்டைவிரல் பக்கம் சுளீரென்று வலித்தால் சொல்லுங்கள்.

தையல்காரர்:
எனக்கு மரத்தது சுண்டுவிரலும் மோதிர விரலும். கடைசியில் பார்த்தால் கோளாறு முழங்கையில், அல்நார் நரம்பாம். கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கும் பழக்கத்தை விடச் சொன்னார்கள்.

தூங்காத_அம்மா:
மரத்துப்போவதே இல்லை அக்கா. நீங்கள் சொன்னபடி சாய்த்தேன், கத்தியே விட்டேன்.

பிசியோ_அக்கா:
அப்படியானால் டி குவெர்வெய்ன் ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஓர் உறைக்குள் போகின்றன. அந்த உறை தடித்தால் ஒவ்வொரு அசைவிலும் உரசும். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குச் சகஜம். மருத்துவர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் வாங்குங்கள். மணிக்கட்டுப் பட்டை மட்டும் போதாது. தூக்கும்போது கட்டைவிரலை விரிக்காமல், உள்ளங்கை மேலே பார்க்க, முன்கையில் ஏந்துங்கள். அப்படியும் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி பலருக்கும் கேட்கிறது. பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மூத்தமகன்:
அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருக்கும் கட்டைவிரல் பக்கம்தான் வலி. இதேதானா?

பிசியோ_அக்கா:
அந்த வயதில் கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானத்தை முதலில் பார்க்க வேண்டும். சாவி திருகும்போது, கிள்ளும்போது, விரலின் அடியிலேயே வலிக்கும். ஆனால் இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். சமீபத்தில் கை ஊன்றி விழுந்தாரா என்றும் கேளுங்கள். கட்டைவிரல் பக்கத்து ஸ்கேஃபாய்டு எலும்பின் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம்.