மறு: சிகிச்சையாளரின் கடமை: எச்சரிப்பதா, தெரிவிப்பதா, காப்பதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தன்னிடம் வந்தவர் இன்னொருவரைத் தாக்கப்போவதாகச் சொன்னால் மனநல சிகிச்சையாளருக்கு வரும் சட்டக் கடமையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தேன். மூன்று நாளில் இந்த இழையில் ஏழெட்டுச் சொற்கள் வந்துவிட்டன. எல்லோருக்கும் நன்றி. இந்தச் சொல் எனக்கு எதற்குத் தேவை என்று முதல் மடலில் சரியாகச் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டு என் கருத்துக்கு வருகிறேன்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு மனநல மையத்துக்கு மொழிபெயர்ப்பு உதவிக்காகப் போய்வருகிறேன். அங்கே முதல்முறை வருபவர்களிடம் ஒரு படிவம் கொடுப்பார்கள். நீங்கள் பேசுவது இந்த அறையை விட்டுப் போகாது, ஆனால் இன்ன இன்ன நிலையில் போகும் என்று சொல்லும் படிவம். போன மாதம் மகனோடு வந்த ஓர் அம்மா, நான் அவசரமாக எழுதிக் கொடுத்த தமிழை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். "மிரட்டல் விடுத்தால் காவல்துறையில் புகார் அளிக்கப்படும்" என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. "இவன் யாரையும் மிரட்டலையே தம்பி. கோவத்துல ஏதாவது சொன்னா கேஸ் போட்டுருவாங்களா?" என்றார். பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார். அந்த வரியில் இரண்டு சொல் தவறு. இரண்டும் நான் போட்டவை.

முதலில் புகார். புகார் என்றால் கொடுப்பவர் ஒருவர், குற்றம் சாட்டப்பட்டவர் இன்னொருவர். சிகிச்சையாளர் தன்னிடம் வந்தவர்மேல் குற்றம் சாட்டவில்லை, கேட்டதை உரிய இடத்தில் சொல்கிறார். அதனால் 'தெரிவித்தல்' போதும். 'அறிக்கையிடுதல்' வேண்டாம். அறிக்கை என்றதும் கட்சித் தலைவர்தான் நினைவுக்கு வருகிறார். அடுத்தது மிரட்டல்.

> 'கொலை மிரட்டல்' என்றே போடலாமே, பத்திரிகையில் தினமும் வருகிறது.

அதுதான் சிக்கல். மிரட்டல் என்பது யாரை மிரட்டுகிறோமோ அவர் காதில் விழுவது, போனில், கடிதத்தில், நேரில். இங்கே சொல்பவர் மூடிய அறையில், மூன்றாவது ஆளைப் பற்றி, தான் நம்பும் ஒருவரிடம் சொல்கிறார். சம்பந்தப்பட்டவருக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாததால்தான் ஆபத்து.

> வஞ்சினம்?

ஐயா, அழகான சொல். 'இதைச் செய்யாவிட்டால் எனக்கு இன்ன கேடு வரட்டும்' என்று பாண்டியன் நெடுஞ்செழியன் சபை அறியச் சூளுரைத்தானே, அது வஞ்சினம். அதில் வீரம் இருக்கிறது, ஊர் கேட்கச் சொல்லும் பெருமை இருக்கிறது. மனம் நொந்து வந்தவரின் பேச்சுக்கு அந்த மகுடத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை. 'ஒருவரைத் தாக்கப்போவதாகச் சொல்லுதல்' என்று நீட்டி எழுதுவதே மேல்.

இனி, கடமை. இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சொல்லும் தெளிவாகும். 1969இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இந்தியாவிலிருந்து வந்து படித்த ஒரு மாணவர், தான் விரும்பிய பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் சும்மா இருக்கவில்லை, வளாகக் காவலருக்குத் தெரிவித்தார். அவர்கள் மாணவரைப் பிடித்து விசாரித்து, அந்தப் பெண்ணை விட்டு விலகியிருப்பதாக வாக்கு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அந்தப் பெண், டாட்டியானா டாரசாஃப், அந்தக் கோடையில் பிரேசிலில் இருந்தார். அவருக்கோ பெற்றோருக்கோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் திரும்பிய பின், அக்டோபர் 27 அன்று கொல்லப்பட்டார்.

பெற்றோர் தொடுத்த வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1974இல், சிகிச்சையாளருக்கு எச்சரிக்கும் கடமை உண்டு என்றது. பிறகு வழக்கை மறுபடி கேட்டு, 1976இல் அதைக் காக்கும் கடமையாக விரித்தது. எச்சரிப்பது காப்பதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். காவலருக்குச் சொல்வது இன்னொரு வழி. ஒருவேளை அந்த மாணவரை மருத்துவமனையில் சேர்ப்பதே வழியாக இருக்கலாம். இந்த வேறுபாட்டுக்காக மட்டுமே சட்டமன்றம் பின்னால் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. 2013 முதல் சட்டத்தில் 'எச்சரித்துக் காக்கும் கடமை' என்ற பெயர் 'காக்கும் கடமை' ஆனது. பெயரை மட்டும்தான் மாற்றுகிறோம், கடமை மாறவில்லை என்று சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு சட்டமன்றமே கலைச்சொல்லுக்காக உட்கார்ந்து வேலை செய்திருக்கும்போது, நாம் எல்லாவற்றையும் 'எச்சரிக்கைக் கடமை' என்று ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது.

> 'பாதுகாப்புக் கடமை' இலக்கணமாகவும் இருக்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது.

அக்கா, சொல்லிப் பாருங்கள். திருவிழா பந்தோபஸ்தில் நிற்கும் கான்ஸ்டபிள் கண்ணில் தெரிகிறாரா இல்லையா? 'காப்புக் கடமை' இன்னும் சுருக்கம், ஆனால் காப்பு என்றால் கையில் போடுவதும்தான். என் முன்மொழிவு: பிறரைக் காக்கும் கடமை. 'பிறரை' அவசியம். அது இல்லாவிட்டால், படிவத்தைப் படிப்பவர் தன்னைக் காப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார். கலைச்சொல் இரண்டு பெயர்ச்சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி எனக்கு உடன்பாடில்லை. யார் யாருக்கு என்ன செய்கிறார் என்பது இந்தச் சொல்லில் தெரிந்தாக வேண்டும்.

இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. பிறரைத் தீங்கிலிருந்து காக்கத் தேவையான தகவலை, தேவையான அளவுக்கு மட்டும் வெளியிடலாம் என்கிறது 23ஆம் பிரிவு. அங்கே 'கடமை' என்று எழுதினால் தவறு. அதைப் 'பிறரைக் காக்க வெளியிடும் அனுமதி' என்று சொல்லலாம்.

கடைசியாக, துப்பாக்கி. கலிஃபோர்னியாவில், அடையாளம் காணக்கூடிய ஒருவரைத் தாக்கப்போவதாக ஒருவர் உரிமம் பெற்ற சிகிச்சையாளரிடம் தீவிரமாகச் சொன்னால், சிகிச்சையாளர் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து 5 ஆண்டுக்கு அவர் துப்பாக்கி வைத்திருக்கவோ வாங்கவோ கூடாது. நீதிமன்றத்தில் மனுப் போட்டு அதை நீக்கக் கேட்கலாம். மேலே சொன்ன காக்கும் கடமை வேறு, இது வேறு. இது தெரிவிக்கும் கடமை.

> 'துப்பாக்கி உரிம ரத்து' என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் துப்பாக்கி என்றால் உரிமம், அதனால் அப்படித் தோன்றுகிறது. இங்கே ரத்து செய்ய உரிமம் என்ற காகிதமே பலரிடம் கிடையாது. தடை ஆள்மீது விழுகிறது. 'துப்பாக்கித் தடை' என்றால் நாடு முழுக்கத் தடை போல் இருக்கிறது. இலங்கை நண்பர் தந்த 'சுடுகலன்' மிகத் துல்லியம், எனக்குப் பிடித்த சொல். ஆனால் இந்தச் சட்டப் பிரிவு துப்பாக்கியோடு வேறு கொலைக்கருவிகளையும் சேர்த்தே தடுக்கிறது. சரி, 'ஆயுதத் தடை' என்று போடலாமா? அது ஐநா ஒரு நாட்டின்மேல் விதிப்பது. எனவே ஆயுதம் வைத்திருக்கத் தடை.

புதிய வரி இப்படி இருக்கிறது:

"ஒருவரைத் தாக்கப்போவதாக நீங்கள் தீவிரமாகச் சொன்னால், அவரைக் காக்கும் கடமை எங்களுக்கு உண்டு. அதற்காக அவருக்கும் காவல்துறைக்கும் தெரிவிப்போம். அதன்பின் 5 ஆண்டுக்கு நீங்கள் துப்பாக்கி முதலிய ஆயுதம் வைத்திருக்கத் தடை வரும். கோபத்தையும் வருத்தத்தையும் சொல்வதால் மட்டும் இது நடக்காது."

அந்தக் கடைசி வாக்கியம் ஆங்கிலப் படிவத்தில் இல்லை. சேர்க்கலாமா என்று மையத்தில் கேட்டேன், சரி என்றார்கள். 'தீவிரமாக' என்பதற்கு மட்டும் இன்னும் நல்ல சொல் வேண்டும். தமிழில் அது நோயின் கடுமையையும் குறிக்கிறது. 'உறுதியாக', 'மெய்யாகவே' இரண்டையும் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. வியாழக்கிழமைக்குள் யாராவது ஒன்று சொல்லுங்கள். அந்த அம்மா வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறார்.