பழம்பாட்டைப் படப்புத்தகமாக்கும்போது சொல்லில் கை வைக்கலாமா?

மரப்பாச்சி:
வாய்வழிப் பாட்டைச் சிறுவர் படப்புத்தகமாக்கும் பலர் பழஞ்சொல்லை மாற்றுகிறார்கள், சந்தியைப் பிரிக்கிறார்கள். இரண்டும் தவறு என்பது என் கட்சி. "மரமேறி" ஒரே சீர். "மரம் ஏறி" என்று அச்சிட்டால் அது இரண்டாகிவிடும். வாசிப்பவர் நடுவில் நின்றுவிடுவார், கை தட்டும் பிள்ளைக்குத் தாளம் தவறும். உரல் தெரியாத பிள்ளைக்கு உரலை வரைந்து காட்டினால் போதுமே, சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

நீலமை:
உரலை வரையலாம். "அல்லவோ", "என்றனன்" இவற்றை எப்படி வரைவீர்கள்? மறுபடி சொல்பவர்கள் எப்போதும் மாற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள். கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் விழுங்குவதோடு பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் கதையை முடித்தார். கிரிம் பதிப்பில் வேடன் வந்து வயிற்றைக் கிழித்து மீட்கிறான். இதில் எது மூலம்?

மரப்பாச்சி:
கதையைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன், உரைநடை மாற்றத்தைத் தாங்கும். பாட்டு தாங்காது. அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதால்தான் எதுகை. முதற்சொல்லை மாற்றினால் அது போய்விடும், அடுத்த அடி பிள்ளைக்கு நினைவுக்கு வராது. புதிதாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் படத்தில் சொல்லுங்கள். தட்டும் கரண்டியும் ஓடிப்போவதோடு முடியும் ஆங்கிலப் பாட்டு ஒன்றுக்கு ராண்டால்ப் கால்டெகாட் 1882இல் படம் வரைந்தார். அதற்குப் பிறகும் ஒரு படம் வைத்தார்: தட்டு உடைந்து கிடக்கிறது, கரண்டியைக் கத்தியும் முள்கரண்டியும் அழைத்துப் போகின்றன. பாட்டில் அவர் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அச்சுக்கோவை:
இருவரும் பக்கத்தை மறந்துவிட்டீர்கள். படப்புத்தகத்தின் வழக்கமான 32 பக்கத்தில் தலைப்பும் பதிப்பு விவரமும் போனால் ஏறத்தாழ 14 விரிப்பு, அதாவது திறந்தால் எதிரெதிரே தெரியும் இரட்டைப் பக்கம், மிஞ்சும். நாலடிப் பாட்டை அதில் பரப்பினால் விரிப்புக்கு ஒன்றிரண்டு சொல்தான். பாட நொடிக்கணக்கே ஆகும் பாட்டு, பக்கம் புரட்டிப் புரட்டியே செத்துவிடும். சந்தியைப் பிரிப்பதைவிடப் பெரிய கேடு இதுதான். விரிப்புக்கு இரண்டு அடி வையுங்கள், எதுகை மேலும் கீழுமாகத் தெரியும். இடம் மிஞ்சினால் அதே நூலில் இன்னும் சில பாட்டுகள் சேரட்டும். அடுக்கிக்கொண்டே போகும் கதைக்கு மட்டும் 32 பக்கம் பாந்தமாக இருக்கும். கேள்வியை வலப்பக்கத்தின் அடியில் விட்டு, விடையைப் புரட்டியபின் காட்டலாம். திரும்பத் திரும்ப வரும் வரி ஒவ்வொரு விரிப்பிலும் ஒரே இடத்தில் இருந்தால், வாசிக்கத் தெரியாத பிள்ளையும் விரல் வைத்துச் சொல்லும்.

வரி இடைவெளியையும் தாராளமாக விடுங்கள். புள்ளியும் இகரச் சுழியும் மேலே ஏறும், உகர வால் கீழே இறங்கும். நெருக்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

நீலமை:
பக்கக் கணக்கு சரி. ஆனால் யாருக்கான புத்தகம்? பெரியவர் மடியில் வைத்துப் பாடிக்காட்டுவதென்றால் "மரமேறி" இருக்கட்டும். தானே எழுத்துக்கூட்டும் ஆறு வயதுப் பிள்ளை "மரமே" என்று நிறுத்திவிட்டு, மரத்தைக் கூப்பிடுவதாக நினைக்கும். அங்கே பிரித்தே ஆக வேண்டும்.

மரப்பாச்சி:
புதிய கதையில் அப்படி நேரும். இது பிள்ளைக்கு ஏற்கெனவே மனப்பாடமான பாட்டு. காது முன்னே போகும், கண் பின்னால் வரும். வாயில் "மரமேறி" வரும்போது தாளில் "மரம் ஏறி" இருந்தால்தான் விரல் தடுமாறும்.