டூரிஸ்ட் கிட்ட வாங்கற "இயற்கை கட்டணம்" நெஜமாவே இயற்கைக்கு போகுதா?

பாதசாரி (கேள்வி):
காடு, கடல், மலைன்னு எங்க போனாலும் இப்ப தனியா ஒரு பாதுகாப்பு கட்டணம் போடறாங்க. கலாபகோஸ் தீவுல பெரும்பாலான வெளிநாட்டுக்காரங்களுக்கு 100 டாலர் இருந்தத 2024 ஆகஸ்ட்ல 200 ஆக்கிட்டாங்க, நியூசிலாந்துல அதே வருஷம் அக்டோபர்ல 35ல இருந்து 100 (அவங்க டாலர்). குடுக்கறதுல எனக்கு வருத்தம் இல்ல, ஆனா அது மரத்துக்கும் மிருகத்துக்கும் போய்ச் சேருதா, இல்ல பேர மட்டும் வச்சு வசூலா? கூட்டமாச்சும் குறையுதா?

பவளப்பாறை:
ஒழுங்கா நடத்துனா போய்ச் சேரும். கரீபியன்ல பொனேர் தீவு இருக்குல்ல, 1979லயே கடல் பூங்கா ஆரம்பிச்சாங்க, கொஞ்ச வருஷத்துல காசில்லாம படுத்துடுச்சு. 1992ல டைவிங் பண்றவங்களுக்கு வருஷத்துக்கு 10 டாலர்னு வச்சாங்க, அப்ப கட்டினவங்களுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் டேக் குடுத்தாங்க, அத டைவிங் ஜாக்கெட்ல மாட்டிக்கணும்னு இருந்துச்சு, தண்ணிக்குள்ளயே யார் கட்டினாங்க யார் கட்டலன்னு தெரிஞ்சுது. பூங்கா அதுலயே ஓட ஆரம்பிச்சது. அங்க டைவிங் இடங்கள்ல மிதவை போட்டு வச்சிருக்காங்க, போட்காரங்க நங்கூரம் போடாம அதுல கட்டிக்கணும். ஒரே ஒரு நங்கூரம் இழுபட்டாலே பல வருஷம் வளர்ந்த பவளம் நொறுங்கிடும், அதனால இந்த மிதவைதான் எனக்கு பெரிய விஷயமா படுது.

வரவுசெலவு:
தொகைய பாக்காதீங்க, அது எந்த கணக்குல போய் விழுதுன்னு பாருங்க. அரசாங்க பொது கஜானாவுல விழுந்தா கடல்ல கரைச்ச பெருங்காயம்தான், அப்புறம் ரேஞ்சருக்கு ஒரு ஜீப் வேணும்னா கூட மேல எழுதிப் போட்டுட்டு காத்து கிடக்கணும். அமெரிக்காவுல 2004ல ஒரு சட்டம் போட்டு, தேசிய பூங்காவுல வசூலாகற கட்டணத்துல குறைஞ்சது 80 சதவீதம் பொதுவா அந்தந்த பூங்காவுலயே இருக்கணும்னு வச்சாங்க. நீங்க சொன்ன நியூசிலாந்து காசு இயற்கைக்கு மட்டும் இல்ல, டூரிசம் வசதிகளுக்கும் சேர்த்துதான் போகுது. ருவாண்டாவுல கொரில்லா பாக்க 2017ல 750 டாலர் இருந்தத ஒரேயடியா 1500 ஆக்கினாங்க, ஆனா கூடவே பூங்கா ஓரத்து ஊர்களுக்கு குடுக்கற பங்க 5ல இருந்து 10 சதவீதமாக்கிட்டாங்க. காட்டு எருமை வந்து பயிர மேஞ்சுட்டு போற ஊர்க்காரனுக்கு எதுவும் கிடைக்கலன்னா அவன் எதுக்கு காட்ட காப்பாத்தணும்?

எதிர்க்காத்து:
எல்லாம் சரி, கடைசில பணக்காரன் மட்டும்தான் இயற்கைய பாக்கணுமா? 1500 டாலர் எத்தன பேரால முடியும்? இந்தோனேசியாவுல கொமோடோ தீவுல 2022ல 37 லட்சத்து 50 ஆயிரம் ரூபியாவா ஏத்தறோம்னு சொன்னாங்க, கைடு, போட்காரங்கன்னு உள்ளூர் ஆளுங்களே ஸ்ட்ரைக் பண்ணாங்க, கடைசில அரசாங்கம் கைவிட்டுடுச்சு. பூட்டான்ல ஒரு ராத்திரிக்கு 200 டாலர்னு 2022ல ஏத்திட்டு மறு வருஷமே 100 ஆக்கினாங்க, ஆளு வரலன்னா வசூலும் இல்லயே. இன்னொன்னு, கொரோனா வந்தப்ப டூரிஸ்ட் காசையே நம்பி இருந்த பூங்காக்கள் என்ன பாடு பட்டுச்சுன்னு பாத்தோம், காட்டுக்காவலுக்கு அடிப்படை செலவ அரசாங்கம்தான் குடுக்கணும், டூரிஸ்ட் காசு மேல்வரும்படியா இருக்கட்டும்.

பவளப்பாறை:
@எதிர்க்காத்து கடைசி பாயிண்ட் ஒத்துக்கறேன். கூட்டம் பத்தி கேட்டதுக்கு, கட்டணம் மட்டும் வச்சு குறைக்க முடியாது, எண்ணிக்கைக்கே வரம்பு போடணும். தாய்லாந்துல மாயா பேங்கற கடற்கரைல கட்டணம் இருக்கும்போதே ஜனம் ஏறி மிதிச்சுது, 2018ல மூடி 2022 ஜனவரிலதான் திறந்தாங்க, மூடி வச்ச நேரத்துல கருமுனை சுறாக்கள் திரும்ப வந்துடுச்சு. இப்ப போட் முன்பக்கமா உள்ள வரக்கூடாது, ஆள் கணக்கும் உண்டு. ருவாண்டாவுலயும் ஒரு கொரில்லா குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 8 பேர்தான், அதுவும் ஒரு மணி நேரம்.

பாதசாரி:
நன்றி மக்கா. அப்போ உள்ளூர்காரங்களுக்கும் அதே ரேட் போடறது நியாயமா?

வரவுசெலவு:
நிறைய இடத்துல போடறதில்ல. ஹவாயில ஹனௌமா பேங்கற கடற்கரைல வெளியாளுக்கு 25 டாலர், அங்க குடியிருக்கறவங்களுக்கு இலவசம், ஐடி காட்டணும். வாரத்துல ரெண்டு நாள் யாருக்குமே அனுமதி கிடையாது, மீனுக்கு லீவு.