கரண்ட் கம்மியா, அதிகமா? யார் சொல்வது சரி?

தென்னந்தோப்பு, கொழிஞ்சாம்பாறை:
எங்கள் தோப்பில் 5 எச்பி போர் மோட்டார். சாயங்காலமானால் கொட்டகையில் குண்டு பல்பு மங்கிச் சிவப்பாக எரியும். உடனே அப்பா "கரண்ட் கம்மியா வருது, மோட்டாரை நிறுத்து" என்பார். அதே நேரம் எலக்ட்ரீஷியன் வந்து கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டிப் பார்த்துவிட்டு "கரண்ட் அதிகமா இழுக்குது, இப்படியே ஓட்டினா காயில் போயிடும்" என்கிறார். பையனின் பாடப் புத்தகத்தில் மின்சாரம், மின்னோட்டம், மின்னழுத்தம் என்று மூன்று வார்த்தை இருக்கிறது. இதில் நாம் சொல்லும் கரண்ட் எது?

வைண்டிங் கடை, சித்தூர் (பாலக்காடு):
அண்ணா, ரெண்டு பேர் சொல்வதும் சரி. அப்பா சொல்வது வோல்டேஜ், அதாவது மின்னழுத்தம். எலக்ட்ரீஷியன் சொல்வது ஆம்ப்ஸ், அதாவது மின்னோட்டம். குண்டு பல்பில் வோல்டேஜ் இறங்கினால் ஆம்ப்ஸும் கூடவே இறங்கும், வெளிச்சம் மங்கும். மோட்டார் அப்படி இல்லை. தண்ணீரை அதே உயரத்துக்குத் தூக்கியாக வேண்டும், வேலை குறையாது, அதனால் வோல்டேஜில் விட்டதை ஆம்ப்ஸில் இழுத்துப் பிடிக்கும். 415 வோல்ட்டில் 9 ஆம்ப்ஸ் எடுக்கிற மோட்டார் 340க்கு இறங்கினால் சுமார் 11 எடுக்கும். பார்க்க 2 தானே கூட என்று தோன்றும். ஆனால் சூடு ஆம்ப்ஸின் இருமடியில் ஏறுவதால் காயிலில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு சூடு. கருகிய வார்னிஷ் வாசத்தோடு என் கடைக்கு வருகிற மோட்டார்களில் பல இப்படிப் போனவைதான். அப்பா பேச்சைக் கேட்டு நிறுத்திவிடுங்கள்.

டீச்சர், வேலந்தாவளம்:
பையனுக்கு இப்படிச் சொல்லிக் கொடுங்கள். "கரண்ட் போச்சு" என்றால் சப்ளை, புத்தகத்தில் மின்சாரம். "கரண்ட் பில்" என்றால் செலவான ஆற்றல், அதைத்தான் யூனிட்டில் எண்ணுகிறோம், 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். "கரண்ட் அடிச்சிடுச்சு" என்கிறோமே, அங்கேதான் உண்மையிலேயே மின்னோட்டம், உடம்பு வழியாக ஓடியது அதுதான். இந்தப் பக்கம் மலையாளத்திலும் எல்லாவற்றுக்கும் கறண்ட்தான், அதனால் வீட்டில் யாரும் மாற்றிப் பேச வேண்டியதில்லை. பரீட்சையில் மட்டும் ஆம்பியர் என்று வந்தால் மின்னோட்டம், வோல்ட் என்று வந்தால் மின்னழுத்தம் என்று எழுதட்டும்.

லைன் வேலை, கோபாலபுரம்:
இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். டெஸ்டர் எரிகிறது, "கரண்ட் இருக்கு" என்று சுவிட்சைப் போடுவார்கள். டெஸ்டர் எரிய மிகக் கொஞ்சம் ஆம்ப்ஸ் போதும், வோல்டேஜ் முழுசாக வருகிறதா என்று அது சொல்லாது. மூணு பேஸில் ஒன்று போயிருந்தால் மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நிற்கும், அப்போது இழுக்கிற ஆம்ப்ஸ் மிக மோசம். புகார் சொல்லும்போது வெறுமனே கரண்ட் சரியில்லை என்று சொல்லாமல், லோ வோல்டேஜா, ஒரு பேஸ் இல்லையா, மொத்தமாகப் போச்சா என்று பிரித்துச் சொன்னால் எங்களுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

தென்னந்தோப்பு, கொழிஞ்சாம்பாறை:
ரொம்ப நன்றி. ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே (ஆம்ப்ஸ் அளவு மீறினால் மோட்டாரைத் தானாக நிறுத்துவது) 14 ஆம்ப்ஸில் இருக்கிறது, அதைக் குறைக்கணுமா?

வைண்டிங் கடை, சித்தூர் (பாலக்காடு):
கட்டாயம் குறைக்கணும். மோட்டார் பெயர்த்தகட்டில் போட்டிருக்கிற ஆம்ப்ஸுக்கு வைக்கச் சொல்லுங்கள். கூடவே பேஸ் போனால் ஆஃப் பண்ணுகிற பிரிவென்டர் ஒன்றும் மாட்டிவிடுங்கள்.