பறப்புக் கழல்வா, வானுதிர்வா? அதற்கான பொறுப்புக்கு என்ன சொல்?

புதிய தமிழ்ச் சொற்களைத் தேடிப் பட்டியலிடும் நம் குழுவினருக்கு வணக்கம்.

பறக்கும் விமானத்திலிருந்து பாகம் கழன்று விழுவதற்குச் செங்கோட்டை அண்ணா ‘வானுதிர்வு’ என்று சொல்ல, பலரும் வழிமொழிந்துவிட்டீர்கள். காதுக்கு இனிமையான சொல்தான். ஆனாலும் அதைப் பட்டியலில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இலை உதிரும், பூ உதிரும், முடி உதிரும். காலம் வந்தால் உதிர்வதை யாரிடம் போய்க் கேட்பது? விமானத்தில் இருப்பது ஒவ்வொன்றும் ஒருவர் பூட்டி, இன்னொருவர் சரிபார்த்து, கையெழுத்தும் போட்ட பொருள். உலோகம் அயர்ந்து முறிவதும் உண்டே என்பீர்கள். 2021 பிப்ரவரியில் கொலராடோவின் புரூம்ஃபீல்டில் வீடுகளின் மேல் யுனைடெட் ஏர்லைன்ஸின் போயிங் 777 விமானத்தின் எஞ்சின் மூடித் துண்டுகள் விழுந்தது அப்படித்தான். எஞ்சின் விசிறியின் இதழ் ஒன்று அயர்ந்து முறிந்திருந்தது. ஆனால் அந்த இதழை எத்தனை பறப்புக்கு ஒருமுறை சோதிப்பது என்று முடிவு செய்ததும் மனிதர்கள்தானே. போதாக்குறைக்கு ‘உதிரிபாகம்’ வேறு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ‘உதிரிபாக உதிர்வு’ என்று எழுத யாருக்குக் கை வரும்?

என் பரிந்துரை ‘பறப்புக் கழல்வு’. ‘மரை கழன்றவன்’ என்ற வசை நினைவுக்கு வருகிறது என்று ஆந்திரத்தின் நகரியில் இருக்கும் அக்கா எழுதியிருந்தார். வரட்டுமே, அதுவும் பட்டறையிலிருந்து வந்த பேச்சுதான். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் நான் ஃபிட்டர் வேலை சொல்லித்தரும் பையன்கள் வாயில் நாள் முழுக்கக் ‘கழட்டிப் பூட்டு’தான். பூட்டியதுதான் கழலும். ‘கழற்சி’ மட்டும் வேண்டாம், கழற்சிக்காய் குறுக்கே வந்துவிடும்.

இந்த வினைக்கு இன்னொரு வசதியும் உண்டு. தானாகப் போனால் கழல்வு, வேண்டுமென்றே விட்டால் கழற்றுதல். 2019 ஜூலையில் கோவை சூலூர் விமானப்படைத் தளத்தின் தேஜஸ் போர் விமானத்தின் 1,200 லிட்டர் எரிபொருள் தொட்டி இருகூர்ப் பக்கம் வயலில் விழுந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நல்லவேளை, ஆள்சேதம் இல்லை. அந்தத் தொட்டியே தேவைப்பட்டால் விமானி கழற்றிவிடுவதற்காகச் செய்யப்பட்டது. விழுந்தது என்றதும் கழன்றதா, கழற்றினார்களா என்பதுதான் முதல் கேள்வி. ‘உதிர்வு’ என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இனி, அப்படி விழுந்தால் யார் பதில் சொல்வது என்பதைக் குறிக்கும் பொறுப்புக்கான சொல். எங்கள் பக்கத்து நண்பர் ‘உத்தரவாதம்’ என்றார். மலையாளத்தில் உத்தரவாதி என்றால் பொறுப்பாளி; இங்கே தமிழ் பேசும் நாங்களும் ‘ஆரு உத்தரவாதி?’ என்றுதான் கேட்போம். ஆனால் வாளையாறு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அது கடைக்காரர் தரும் வாரண்டி. நகரியிலிருந்து வந்த ‘பாத்தியதை’க்கும் இதே கதி. தெலுங்கில் கடமை, தமிழில் சொத்துரிமை. இரண்டையும் விட்டுவிட்டுப் ‘பொறுப்பு’ என்றே வைப்போம். ஆனால் முன்னால் ஓர் அடைமொழி இல்லாமல் அதைத் தனியாக விடக் கூடாது. இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்டு என்ற அதிவேகப் பயணிகள் விமானம் விழுந்து 113 பேர் இறந்தார்கள். சற்றுமுன் அதே ஓடுபாதையிலிருந்து கிளம்பிய கான்டினென்டல் டி.சி.-10 விமானத்திலிருந்து கழன்று கிடந்த ஒரு உலோகப் பட்டை கான்கார்டின் டயரைக் கிழித்தது. 2010-இல் பிரெஞ்சு நீதிமன்றம் அந்த நிறுவனத்தையும் ஒரு மெக்கானிக்கையும் குற்றவாளி என்றது. 2012-இல் மேல்முறையீட்டில் குற்றத் தீர்ப்பு ரத்தானது. நிறுவனம் இழப்பீடு தரவேண்டிய பொறுப்பு மட்டும் அப்படியே நின்றது. இதை வெறும் ‘பொறுப்பு’ என்ற ஒரே சொல்லால் எழுதினால் வாசிப்பவர் தலை சுற்றும். எனவே ‘குற்றப் பொறுப்பு’, ‘இழப்பீட்டுப் பொறுப்பு’ என இரண்டு. 1952 ரோம் உடன்படிக்கை சொல்வது பின்னதை: விமானத்திலிருந்து விழுந்த பொருளால் தரையில் சேதம் என்று காட்டினால் போதும், தவறு யாருடையது என்று வீட்டுக்காரர் நிரூபிக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒன்று கேட்கிறேன்: ‘பூட்டுப் பொறுப்பு’. 2024 ஜனவரி 5 அன்று போர்ட்லாந்தில் கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் 737 மேக்ஸ் 9-இல், கதவு தேவைப்படாத வாசலை அடைத்திருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. போயிங்கின் ரெண்டன் ஆலையில் ரிவெட் வேலைக்காக அதைத் திறந்தவர்கள், மூடும்போது 4 போல்ட்டுகளைத் திரும்பப் போடவில்லை. திறந்ததற்குப் பதிவும் இல்லை. யார் பூட்டியிருக்க வேண்டும் என்று தாளில் தேடினால் அந்த இடம் காலி. பயிற்சியும் வழிகாட்டலும் மேற்பார்வையும் போதாமல் விட்ட போயிங்தான் காரணம் என்று 2025-இல் அமெரிக்க விசாரணை வாரியம் சொன்னது. ஆகவே பூட்டுப் பொறுப்பு ஸ்பேனர் பிடித்தவரோடு முடியாது. அவருக்குக் கற்றுக்கொடுத்து, பதிவேடு வைத்து, மேற்பார்த்திருக்க வேண்டியவர்கள்வரை போகும். விளக்கக் குறிப்பில் இது கட்டாயம் வேண்டும். 2013 மே மாதம் லண்டன் ஹீத்ரோவில் ஏர்பஸ் ஏ319 விமானம் மேலெழும்பும்போது இரண்டு எஞ்சின் மூடிகளும் பறந்ததே, அங்கும் இதே கதை. இரவில் கொக்கி போடாமல் போன தொழிலாளர்கள், முடிக்கத் திரும்பி வந்தபோது தவறுதலாக வேறு விமானத்துக்குப் போய்விட்டார்கள். அந்தக் கொக்கிகள் எஞ்சினின் அடிவயிற்றில் இருப்பவை. குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும். விமானம் கிளம்புமுன் சுற்றிப் பார்த்தவர்கள் கண்ணிலும் படவில்லை. கொக்கியை அங்கே வைத்து வடிவமைத்தவரையும் ‘பூட்டுப் பொறுப்பு’ தொடுமா? தொட வேண்டும் என்றே நினைக்கிறேன். சட்டம் படித்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொரு சிறு சொல்லும் பாக்கி. நட்டை அளவாக முறுக்கியதும், நட்டு, போல்ட்டு இரண்டின் மேலும் சேர்ந்தாற்போல் வண்ணக் கோடு ஒன்று இழுப்பார்கள். நட்டு துளி திரும்பினாலும் கோடு உடைந்து நிற்கும். என் பையன்கள் ‘மஞ்சக் கோடு’ என்கிறார்கள். சிவப்பிலும் பச்சையிலும்கூட உண்டு என்பதால் ‘சாட்சிக் கோடு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். செங்கோட்டை அண்ணாவிடம் இதைவிட நல்ல சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.