வயர்லெஸ் ரோடு குடியிருப்போர் குழு: ஏர்போர்ட் மனு

*கார்த்தி, காலை 7:05*
எல்லாருக்கும் வணக்கம். எம்.பி. கிட்ட குடுக்கப் போற ஏர்போர்ட் மனுவுக்கு முதல் வரி எழுதிட்டேன்: "புதிய முனையம் வந்துவிட்டதால் திருச்சியிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் வேண்டும்." சரியா இருக்கான்னு பாத்து சொல்லுங்க. சாயந்தரம் பிரின்ட் எடுத்துடலாம்.

*சண்முகம் சார், 7:14*
தம்பி, இந்த வரியைப் படிச்சதும் மனுவ மூடி வச்சிருவாங்க. டெர்மினல் ஆளுங்களுக்கு, ரன்வே விமானத்துக்கு. நம்ம ஊர்ல முதலாவது வளந்திருக்கு, ரெண்டாவது வளரல. ரன்வே இன்னும் 2,480 மீட்டர்தான், லண்டன் வரைக்கும் போற பெரிய விமானம் முழு எடையோட ஏற அது பத்தாது. சென்னையில பெரிய ரன்வே 3,658.

*வள்ளி டீச்சர், 7:16*
மனுவுல வரலாறு ஒரு பத்தி வேணும் சார். என்னென்ன வருஷம் போடலாம்?

*சண்முகம் சார், 7:29*
சுருக்கமா எழுதிக்குங்க டீச்சர்.

1938-லயே டாடா கம்பெனியோட தபால் விமானம் திருச்சி வழியா கொழும்பு போச்சு. ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் விமானப்படை இந்தத் தளத்தைப் பயன்படுத்துச்சு. அப்புறம் ஏர் சிலோன் டகோட்டா விமானங்கள் இலங்கையிலேந்து இங்க வந்துட்டு இருந்துச்சு.

2009-ல முந்தைய டெர்மினல். 2012 அக்டோபர் 4 அன்னிக்கு மத்திய அமைச்சரவை "சர்வதேச விமான நிலையம்"னு அந்தஸ்து குடுத்துச்சு. கோயம்புத்தூர், மங்களூர், லக்னோ, வாரணாசிக்கும் அதே நாள்தான். இதுல குழம்பிடாதீங்க: வெளிநாட்டு விமானம் 2012-லதான் வர ஆரம்பிச்சதுன்னு அர்த்தம் இல்ல. அதுக்குப் பல வருஷம் முன்னாடியே கஸ்டம்ஸ், இமிக்ரேஷன் வச்சு ஓடிட்டுதான் இருந்துச்சு.

2019 பிப்ரவரியில புது டெர்மினலுக்கு அடிக்கல். 2024 ஜனவரி 2 பிரதமர் திறந்து வச்சாரு. பயணிகள் உள்ள போனது 2024 ஜூன் 11. வருஷத்துக்கு 44 லட்சம் பேர், நெரிசல் நேரத்துல மணிக்கு 3,500 பேர், அதுதான் கொள்ளளவு. செலவு 1,100 கோடிக்கு மேல.

*மும்தாஜ் அக்கா, 7:33*
திறந்து வச்சு அஞ்சு மாசம் ஏன் சும்மா கெடந்துச்சுன்னு நெறைய பேர் கேக்குறாங்க சார்.

*சண்முகம் சார், 7:38*
சும்மா கெடக்காதும்மா. புதுக் கட்டடம்னா லக்கேஜ் பெல்ட்ட மூட்டை ஏத்தி ஏத்தி ஓட்டிப் பாக்கணும். ஸ்கேனர் மெஷினுக்கு அனுமதி, சி.ஐ.எஸ்.எஃப். ஆள் எண்ணிக்கை, இமிக்ரேஷன் கம்ப்யூட்டர் லைன், விமானப் பாதுகாப்புத் துறையோட ஒப்புதல்னு வரிசையா வரும். ஒண்ணு பாக்கி இருந்தாலும் பயணிய விட முடியாது. எந்த ஊர்லயும் இதுதான் நடைமுறை.

*காதர் பாய், 7:52*
அஸ்ஸலாமு அலைக்கும். சண்முகம் சார் ரன்வே சொன்னாரு. நான் பேப்பர் பக்கம் சொல்றேன், ஏன்னா பாதிக் கதை அங்கதான் இருக்கு.

வெளிநாட்டு விமானம் ஒரு ஊர்ல எறங்கணும்னா ரெண்டு நாட்டு ஒப்பந்தத்துல அந்த ஊர் பேரு இருக்கணும். அதுக்குப் பேரு பாயின்ட் ஆஃப் கால். 2003-ல இந்தியா ஆசியான் நாடுகளுக்கு ஒரு சலுகை குடுத்துச்சு: 18 சுற்றுலா ஊருக்கு அவங்க விமானம் எத்தன வேணா வரலாம். அந்த 18-ல திருச்சி இருக்கு. மதுரை இல்ல, கோவை இல்ல. 2008 டிசம்பர்ல ஏர் ஏசியா இந்தியாவுக்குள்ள முதல்முதலா வந்து எறங்கின ஊரே நம்ம திருச்சிதான், கோலாலம்பூர்லேந்து. அப்புறம் சிங்கப்பூர் விமானங்கள் வரிசை கட்டுச்சு. நம்ம ஏர்போர்ட்ல உள்நாட்டுப் பயணிய விட வெளிநாடு போய் வர்ற பயணி அதிகம். இந்தியாவுல இப்படி இருக்குற ஊர் ரொம்பக் கம்மி.

*கார்த்தி, 7:54*
அப்ப துபாய் கம்பெனி விமானம் ஏன் இங்க வரல பாய்?

*காதர் பாய், 8:03*
அதேதான் தம்பி. துபாய் ஒப்பந்தம் வேற கணக்கு. அதுல வாரத்துக்கு இவ்வளவு சீட்டுன்னு உச்சவரம்பு இருக்கு, ஒவ்வொரு பக்கத்துக்கும் 65,000-க்கு மேல. அதோட, அவங்க கம்பெனிங்க எறங்கக்கூடிய இந்திய ஊர்ப் பட்டியல்ல திருச்சி இல்ல. நம்ம நாட்டுக் கம்பெனி மட்டும் இங்கேந்து துபாய், ஷார்ஜா ஓட்டலாம். போட்டி கம்மி, அதனால சீசன்ல டிக்கெட் வெல ஏறுது. வளைகுடாவுல வேல பாக்குற நம்ம டெல்டா ஜனங்க எத்தன பேரு, பொங்கல் ரம்ஜானுக்கு வர என்ன பாடு படுறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

தூரத்தையும் பாருங்க. திருச்சி–சிங்கப்பூர் 3,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. திருச்சி–துபாயும் கிட்டத்தட்ட அதே தூரம். விமானத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். வித்தியாசம் பேப்பர்ல.

*வள்ளி டீச்சர், 8:05*
இதுதான் மனுவுல முதல் கோரிக்கையா வரணும். "திருச்சியை பாயின்ட் ஆஃப் கால் பட்டியலில் சேர்க்க வேண்டும்."

*காதர் பாய், 8:06*
"ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தத்தில்"னு சேத்து எழுதுங்க டீச்சர். பொதுவா எழுதினா எந்த ஃபைலுக்குப் போகணும்னு அவங்களுக்கே தெரியாது.

*கார்த்தி, 8:10*
2,480 மீட்டர் பத்தாதா சார்? தெனமும் அத்தன விமானம் ஏறுதே.

*சண்முகம் சார், 8:31*
கணக்காவே பாத்துடலாம் கார்த்தி.

737-800 விமானம் அதிகபட்சம் 79 டன்னோட கெளம்பலாம். காலி எடை சுமார் 42. 186 பேரு, ஆளும் மூட்டையும் சேத்து 95 கிலோன்னு வச்சா 17.7 டன். சிங்கப்பூருக்கு ரிசர்வோட எரிபொருள் 12–13 டன். மொத்தம் 72, 73 வருது. அதனால பயணிங்களோட ஏறிடும். மிச்சம் இருக்குற இடத்துல சரக்கு ஏத்தணும். அங்கதான் வெயில் கை வைக்குது.

நம்ம ஏர்போர்ட் உயரம் 288 அடி. அந்த உயரத்துக்கு விமானக் கணக்குல வச்சிருக்குற தர வெப்பநிலை 14.4 டிகிரி. மே மாசம் மதியம் 38 இருந்தா 24 டிகிரி கூட. ஒரு டிகிரி கூடினா 120 அடி உயரம் கூடின மாதிரின்னு போட்டா 2,880, அதோட 288-ஐக் கூட்டினா 3,100 அடிக்கு மேல. அதாவது விமானத்துக்குத் தெரியுறது 3,100 அடி மலை மேல இருக்குற ஏர்போர்ட். காத்து அடர்த்தி கம்மி, இன்ஜினுக்கும் இழுப்பு கம்மி, றெக்கைக்கும் தூக்கு கம்மி. ஓட்டம் நீளணும். ரன்வே நீளாது, அதனால எடைய கொறைப்பாங்க. முதல்ல எறக்குறது சரக்க.

*மும்தாஜ் அக்கா, 8:40*
அது நூத்துக்கு நூறு. காய்கறியும் பூவும் தெர்மோகோல் பெட்டியில ஜெல் ஐஸ் வச்சு வந்து நிக்கும். "எடை இல்ல, அடுத்த விமானம்"னு சொன்னா மல்லிப்பூ அவ்வளவுதான். மொட்டா கட்டினது விரிஞ்சிடும், போய்ச் சேந்தா வெல போகாது. முருங்கக்காய் தாங்கும், வெத்தல ஓரளவு தாங்கும், கீரை தாங்காது.

இன்னொண்ணு. 737 வயித்துல பெட்டிய ஒவ்வொண்ணா கையாலதான் அடுக்கணும், கன்டெய்னர் போகாது. பெரிய உடம்பு விமானம்னா பாலெட்டாவே, அதாவது பெட்டிங்கள பலகையில சேத்துக் கட்டி அப்படியே ஏறும், கீழ வெயில்ல நிக்கிற நேரமும் கொறையும். சரக்குக்கு ரன்வே முக்கியம்னு மனுவுல கண்டிப்பா எழுதுங்க. பயணிய மட்டும் சொன்னா பாதிதான் சொன்ன மாதிரி.

*ஜோசப் இன்ஜினியர், 9:02*
பெரிய உடம்பு விமானத்துக்கு நீளம் மட்டும் பத்தாது. கோழிக்கோட்டப் பாருங்க. அங்க ரன்வே 2,860 மீட்டர், நம்மள விட நீளம். 2020 ஆகஸ்ட் 7 விபத்துல 21 பேர் போனதுக்கப்புறம் அங்க பெரிய விமானத்தையே நிறுத்திட்டாங்க. ரன்வே முடியிற எடத்துல பாதுகாப்புக்கு எவ்வளவு மண் இருக்குங்குறதுதான் அங்க கேள்வியாச்சு.

நம்ம ஊர்ல 600 மீட்டர் நீட்டணும்னு வைங்க, ஒரு உதாரணத்துக்கு. தார் போடறது சின்ன வேல. ரன்வேக்கு ரெண்டு பக்கமும் நடுக்கோட்டுலேந்து 140 மீட்டர் சமதளம் வேணும், மொத்த அகலம் 280. 600 × 280 = 1,68,000 சதுர மீட்டர். அதுவே 41 ஏக்கருக்கு மேல. கடைசியில இன்னும் 60 மீட்டர், அதுக்கப்புறம் 240 மீட்டர் பாதுகாப்புப் பகுதி. அதுக்கும் அப்பால வழிகாட்டி விளக்கு வரிசை, முழுசா வச்சா 900 மீட்டர். மேக்கால புதுக்கோட்டை ரோடு. அந்தப் பக்கம் நீட்டினா ரோட்டை வளைக்கணும் இல்ல கீழ எறக்கணும். கிழக்கால நீட்டினா பட்டா நிலம்.

*ஜோசப் இன்ஜினியர், 9:09*
நம்ம ஏரியாக்காரங்க கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. விமானம் எறங்குற பாதையில கட்டடம், மரத்துக்கான உயர வரம்பு 50 மீட்டருக்கு 1 மீட்டர்ங்குற சரிவுல ஏறும். ரன்வே முடிஞ்சு 60 மீட்டர் தள்ளி ஆரம்பிக்கும். அங்கேந்து 1 கிலோமீட்டர் தூரத்துல 20 மீட்டர் உயரம் வரைக்கும் விடுவாங்க. ரன்வே 600 மீட்டர் நீண்டா அதே எடத்துல வரம்பு 12 மீட்டர் கொறஞ்சு 8 ஆயிடும். தென்னை மரமே தாண்டிடும். மாடி எழுப்புறவங்க, செல்போன் டவருக்கு எடம் விடறவங்க, ஏர்போர்ட் ஆணையத்தோட ஆன்லைன்ல உயரச் சான்று வாங்கிட்டுதான் ஆரம்பிக்கணும். பிளான் அப்ரூவல் வந்துடுச்சேன்னு அத விட்டுடாதீங்க, ரெண்டும் வேற வேற.

*வள்ளி டீச்சர், 9:12*
இந்த மெசேஜ பின் பண்ணி வைங்க கார்த்தி.

*கார்த்தி, 9:13*
பண்ணிட்டேன் டீச்சர். சார், 2018-ல சுவத்துல இடிச்சுதே ஒரு விமானம், அதுவும் ரன்வே சின்னதா இருக்குறதாலயா? மனுவுல போடலாமா?

*சண்முகம் சார், 9:34*
போடாத. காரணம் அது இல்ல. தப்பான காரணத்தப் போட்டா மத்த வரியையும் நம்ப மாட்டாங்க.

2018 அக்டோபர் 12, ராத்திரி 1:20 வாக்குல, துபாய் போற ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737, உள்ள 136 பேரு. மேற்குப் பக்கமா ஓடிட்டு இருக்கும்போது கேப்டன் சீட்டோட சாய்மானம் பின்னால சரிஞ்சிடுச்சு. கை த்ராட்டில்ல இருந்ததால அதுவும் பின்னால வந்து இன்ஜின் வேகம் கொறஞ்சுது. பக்கத்து சீட்டு விமானி கட்டுப்பாட்ட வாங்கிட்டாரு, ஆனா வேகம் கொறஞ்சத ரெண்டு பேருமே கவனிக்கல. முழுசா எழும்பாம லோக்கலைசர் ஆன்டெனாவ ஒடச்சு, சுவத்துலயும் பட்டுப் போச்சு. வயித்துல ஓட்ட விழுந்த விமானம் மும்பையில பத்திரமா எறங்குச்சு.

லோக்கலைசர்ங்கறது ரன்வே கோட்டுக்கு நேரா, கடைசியில குறுக்க நிக்கிற ஆன்டெனா வரிசை. எறங்க வர்றவருக்கு நீ நடுக்கோட்டுல இருக்கியா, இடமா, வலமான்னு சொல்லும். மேற்குப் பக்கமா எறங்குறவருக்கு அது மேற்குக் கடைசியில இருக்கும். அது நிக்கிற கால்கள வேணும்னே இடிச்சா ஒடையுற மாதிரி செய்வாங்க. சுவரு ஒடையாது. அது பழுதானா புதுசு வச்சதும் உடனே ஓட்டிட முடியாது. அளவுபாக்குற தனி விமானம் வந்து பல தடவ மேல பறந்து சரிபாத்தாதான் அனுமதி. அதுவரைக்கும் மேகம் தாழ இருந்தா எறங்க முடியாம திருப்பி விட வேண்டி வரும்.

*மும்தாஜ் அக்கா, 9:37*
2024 அக்டோபர்ல ரெண்டரை மணி நேரம் சுத்துச்சே, அது?

*சண்முகம் சார், 9:44*
அது ஷார்ஜா விமானம், அக்டோபர் 11, 141 பேரு. ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்துல பாகங்கள இயக்குற அமைப்புல கோளாறு. 737-ல எரிபொருள ஆகாயத்துல கொட்டுற வசதியே கெடையாது. எறங்கும்போது 66 டன்னுக்கு மேல இருக்கக் கூடாது. சுத்தறப்ப மணிக்குச் சுமார் ரெண்டரை டன் எரியும். ரெண்டரை மணி நேரம்னா 6 டன். அந்த எடை கொறையறதுக்குத்தான் அத்தன சுத்து. கீழ ஜனங்க பதறிட்டாங்க, ஆனா மேல நடந்தது பொறுமையா பாத்த வேல.

*வள்ளி டீச்சர், 9:50*
டெர்மினல் உள்ளயும் ஒரு கோரிக்க வைக்கணும். நடுராத்திரி வரிசை.

*காதர் பாய், 9:58*
ஆமா டீச்சர். மூணு விமானம் ஒரே நேரம் எறங்கினா 540 பேரு. ஒரு ஆளுக்கு ஒன்றரை நிமிஷம்னா 810 நிமிஷ வேல. பத்து கவுன்டர்ல அதிகாரி இருந்தா 81 நிமிஷம். இருவது பேர் இருந்தா 40. கவுன்டர் கட்டிட்டாங்க, ஆள்தான் வேணும். "கவுன்டர் கூட்டுங்க"ன்னு எழுதாதீங்க, "இரவு ஷிஃப்டுக்கு குடியேற்ற அதிகாரிகளை அதிகப்படுத்துங்க"ன்னு எழுதுங்க.

*காதர் பாய், 10:00*
நல்லதும் ஒண்ணு சேருங்க. 2025 மார்ச் 30-லேந்து இண்டிகோ, ஏ.டி.ஆர்.ங்குற சின்ன விமானத்த திருச்சி–யாழ்ப்பாணம் ஓட்டுது. தூரம் 185 கிலோமீட்டர்கூட இல்ல. அந்தக் காலத்து டகோட்டா வழி திரும்ப வந்திருக்கு. அதுக்கு நன்றி சொல்லி ஆரம்பிச்சா படிக்கிறவருக்கும் மனசு வரும்.

*கார்த்தி, 10:21*
லண்டன் வரிய எடுத்துட்டேன். புது வரைவு:
1. அமீரக ஒப்பந்தத்தில் திருச்சியை பாயின்ட் ஆஃப் கால் ஆகச் சேர்க்க வேண்டும்.
2. ஓடுபாதையை 2,480 அடியிலிருந்து நீட்டிக்க, நிலம் கையகப்படுத்தலையும் புதுக்கோட்டை சாலை மாற்றத்தையும் காலவரையறையுடன் முடிக்க வேண்டும்.
3. காய்கறி, பூ ஏற்றுமதிக்கு ஓடுபாதை நீட்டிப்பு அவசியம்.
4. இரவு ஷிஃப்டுக்கு கூடுதல் குடியேற்ற அதிகாரிகள்.

*சண்முகம் சார், 10:24*
ரெண்டாவதுல அடி இல்ல, மீட்டர். 2,480 மீட்டர், 8,136 அடி. அத மாத்திட்டு பிரின்ட் எடு.

*ஜோசப் இன்ஜினியர், 10:26*
நிலம் குடுக்குறவங்களுக்கு இழப்பீடு முதல்ல, வேலை அப்புறம்னு ரெண்டாவதுலயே ஒரு வரி சேருங்க.

*கார்த்தி, 10:31*
மாத்திட்டேன், சேத்துட்டேன். கையெழுத்து போட நாளைக்குக் காலைல 6:30-லேந்து பால் பூத் முன்னாடி இருப்பேன்.