டாமினோ வாங்கலாமா, டோவல் ஜிக் போதுமா? என் அனுபவம்

மரச்சாமானில் மூட்டுப் போடும் கருவிக்கு இவ்வளவு செலவழிக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். டோவல் என்பது இரு கட்டைகளை இணைக்கும் உருண்டையான மர ஆணி; ஜிக், துளை சரியான இடத்தில் விழ வழிகாட்டும் சாதனம்; டாமினோ, தட்டையான மரத்துண்டு நுழைய நீள்துளை வெட்டும் மின்கருவி. இங்கே பேசப்படும் எல்லாவற்றையும் கையில் பிடித்து வேலை செய்திருக்கிறேன்.

பாக்கெட் ஹோல் ஜிக்கை முதலில் முடித்துவிடலாம். சாய்வாகத் துளையிட்டு ஸ்குரூவை முடுக்கினால் மூட்டு தயார். பசை காயும்வரை கிளாம்பை மாட்டிவைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. அலமாரியின் முகப்புச் சட்டத்துக்குப் போதும். மேசைக் காலில் அந்தத் துளைகள் தெரிந்தால் எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அடுத்தது பிஸ்கட் என்னும் இணைப்புத் துண்டு, 1950களில் சுவிட்சர்லாந்தின் ஹெர்மன் ஸ்டைனர் உருவாக்கியது. அழுத்திய பீச் மரச் சில்லு, பசையின் ஈரத்தைக் குடித்து ஊதிப் பள்ளத்தை இறுக்கிக்கொள்ளும். பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டும்போது மேற்பரப்பு ஒரே மட்டத்தில் நிற்க உதவும். நாற்காலிக்கு அதை நம்ப வேண்டாம். பெரிய 20ஆம் எண் பிஸ்கட்டின் அகலமே சுமார் 23 மில்லிமீட்டர். ஒரு கட்டைக்குள் பாதிதான் இறங்கும்.

மிச்சம் டோவலும் டாமினோவும். நான் முதலில் வாங்கிய மலிவு டோவல் ஜிக் (நிறுவனத்தின் பெயர் வேண்டாம்) பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. 8 மில்லிமீட்டர் துளையிடும் பிட்டை அதன் வழிகாட்டிக் குழலுக்குள் விட்டு அசைத்தால் நுனி இடமும் வலமுமாக ஆடும். ஒரு முனைக்கு ஒரே டோவல் என்றால் எப்படியோ தட்டிச் சேர்த்துவிடலாம். இரண்டு வைத்தால் ஒன்று நுழையும், மற்றது முரண்டு பிடிக்கும். கொட்டாப்புளியால் ஓங்கிப் போட்டால் சட்டத்தின் ஓரம் பிளக்கும். கடினப்படுத்திய எஃகுக் குழல் பதித்த நடுத்தர விலை ஜிக்குக்கு மாறியதும் தொல்லை விட்டது. ஆகவே மலிவுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில் கொடுக்கும் காசைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

நாற்காலிகள் செய்தபோது நண்பர் தன் ஃபெஸ்டூல் டாமினோ டிஎஃப் 500ஐ இரவல் கொடுத்தார். அதன் வெட்டுமுனை சுழன்றுகொண்டே பக்கவாட்டில் ஊசலாடுவதால் வட்டத்துக்குப் பதில் நீள்துளை விழுகிறது. துளையின் அகலத்தையும் மாற்றலாம். முதல் துளையை இறுக்கமாகவும் மற்றவற்றைச் சற்று அகலமாகவும் வெட்டிவிட்டால், பசை தடவிய பிறகும் கட்டையை நகர்த்தி ஓரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். டோவல் இந்தச் சலுகையைத் தராது. நாம் கொடுக்கும் பெருந்தொகை முக்கியமாக இதற்கும் வேகத்துக்கும்தான்.

பலத்திலும் அனுகூலம் உண்டு. நார்ப்போக்கு நீளவாக்கில் இருக்கும் முகத்தில்தான் பசை நன்றாகப் பிடிக்கும். நாற்காலிக் காலில் போடும் வட்டத் துளையின் சுவரில் கணிசமான பகுதி நார்முனை, அதாவது குறுக்கே வெட்டுப்பட்ட நார். நீள்துளையிலோ இரு தட்டைப் பக்கங்களும் நீள்நார். ஆனால் டோவல்களைத் தாராளமாக வைத்துத் துல்லியமாகத் துளைத்தால் வீட்டு நாற்காலி ஒன்றும் ஆடிவிடாது.

உளியே போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கட்டையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கழுந்தாக (மற்றக் கட்டையின் துளைக்குள் நுழையும் நாக்காக) விட்டுக் கையால் செய்த மூட்டின் மீது எனக்குத் தனி மரியாதை. ஆறு நாற்காலி கேட்டால் மட்டும் யோசிப்பேன்.

தொழிலாகச் செய்பவர் டாமினோ வாங்கட்டும். மிச்சமாகும் நேரம் அவருக்குக் கூலி. எப்போதாவது ஒரு சாமான் செய்பவர் அந்தப் பணத்தில் நல்ல மரமும் கிளாம்புகளும் வாங்கலாம். டாமினோ வெட்டும் துளைக்குள் நுழைக்கும் தட்டைக் கட்டைகள் வேறு தனிச் செலவு. மிச்ச மரத்தை அதே தடிமனுக்கு இழைத்து, ஓரங்களை உருட்டி, நானே அறுத்துக்கொள்கிறேன்; இறுக்கத்தில் குறையொன்றும் தெரியவில்லை.